மருமோன் குதிரை காப்பாத்தப் போறாராம்

மருமோனே, நீ குதிரை ஒண்டைக் காப்பாத்தப் போறாய் எண்டு கொம்மா சொன்னவ. எனக்கு நல்ல சந்தோஷம். வெள்ளவத்தை பிளற்றிலை உடுப்புக் காயப்போட இடமில்லையெண்டு மேல்வீட்டுக்காரியோடை சண்டை பிடிக்கிற குடும்பத்திலை, குதிரைக்கு இடம் பிடிச்ச முதல் ஆள் நீதான். லிப்ற்றிலை "ஆறு பேர் மட்டும்" எண்டு எழுதி ஒட்டியிருக்குது. குதிரையை எத்தினை பேராய்க் கணக்கெடுக்கிறது எண்டு கொமிற்றித் தலைவரிட்டை முதலே கேட்டு வைச்சால் பேந்து கரைச்சல் வராது.

கொம்மா அழுததைப் பெரிசாய் எடுக்காதை. நீ மோட்டச்சைக்கிள் கேட்ட நேரமும் அழுதவ. எனக்கும் நீ பார்த்த படத்தைக் காட்டினவ. சீமையிலை ஆனை உசரத்திலை ஒரு வண்டில் குதிரை. ஷையர் எண்டு சாதியாம். முதல் எலும்பும் தோலுமாய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்குது. ஒரு வெள்ளைக்காரப் பெட்டை கட்டிப்பிடிச்சு அழுகிறாள். அடுத்த நிமிஷம் பிடரிமயிர் பறக்கப் பச்சைப் புல்லிலை ஓடுது. பின்னாலை பியானோ. எல்லாமாய் மூண்டு நிமிஷம். நடுவிலை வெட்டி எறிஞ்ச அஞ்சு மாசத்திலைதான் மருமோனே சோலியெல்லாம் கிடக்குது. அதைப் படம் பிடிச்சால் ஆரும் பாரான்.

சரி, குதிரைக்கு எங்கை போகப்போறாய்? கொழும்பிலை வண்டில் இழுத்த குதிரையைத் தேடுறதெண்டால் நீ கொஞ்சம் பிந்திப்போனாய். கூடிப்போனால் நூறு வருஷம். 1832-இலை கொழும்பிலையிருந்து கண்டிக்குத் தபால் வண்டில் ஓடினது. ஆசியாவிலையே முதல் குதிரைத் தபால் வண்டில் எண்டு அதைச் சொல்லுவினம். 1867-இலை கண்டிக்கு ரயில் போச்சுது, குதிரைக்கு ஓய்வு. கோப்பி மூட்டை சுமந்து மலையாலை இறங்கின மாட்டு வண்டிலுகளுக்கும் அதோடை பாதிப் பிழைப்புப் போட்டுது. 1899-இலை கோட்டையிலையிருந்து கொட்டாஞ்சேனைக்கு அங்காலை கிராண்ட்பாஸ் மட்டும் மின்சார ட்ராம் வந்தது. 1960-இலை அதுவும் நிண்டுபோச்சுது. இப்ப புறக்கோட்டையிலை வண்டில் இழுக்கிறது ஆரெண்டு போய்ப் பார். குதிரையுமில்லை, மாடுமில்லை. கூலிக்கு மூட்டை சுமக்கிற நாட்டாமி. மத்தியான வெயிலிலை, முதுகிலை சாக்கைப் போட்டுக்கொண்டு, முன்னுக்கு நிக்கிற ஓட்டோக்காரனுக்கு வாயாலை ஹோர்ண் அடிச்சபடி இழுக்கிறான். அவன்ரை விலாவையும் எண்ணலாம். அவனைக் காப்பாத்த ஒரு பேஸ்புக் பக்கம் தொடங்கேல்லையோ? அவனுக்குப் பிடரிமயிர் இல்லை, என்ன செய்யிறது.

நெடுந்தீவுக் குதிரையைப் பற்றி வாயே திறக்காதை. நான் நெடுந்தீவான், எனக்கு ரோசம் வரும். எங்கடை மட்டக்குதிரையள் ஒல்லாந்தன், இங்கிலீசுக்காரன் எண்டு எல்லாரும் வளர்த்து விட்டுட்டுப் போனதின்ரை வழி. லாயத்துத் தூணுகள் இண்டைக்கும் நிக்குது. அதுகளுக்குச் சொந்தக்காரனில்லை, கடிவாளமில்லை, தீவுக்கு வெளியிலை கொண்டுபோகவும் ஏலாது. கோடையிலை தண்ணியில்லாமல் சாகிறதுதான் அதுகளின்ரை துன்பம். அதுக்குத் தொட்டி கட்டித் தண்ணி ஊத்தவேணும். தொட்டிக்குத் தண்ணி ஊத்திறவனை ஆரும் கட்டிப்பிடிச்சு அழமாட்டினம் கண்டியோ, அதாலை அந்த வேலைக்கு ஆள் குறைவு.

பாரம் சுமந்து, பேந்து வேண்டாமெண்டு கைவிட்ட சீவன்தான் உனக்கு வேணுமெண்டால் மன்னாருக்குப் போ. கழுதை நிக்குது, தேவையான அளவு.

முகம் சுருங்குது. எனக்குத் தெரியும். கழுதையோடை நிண்டு படம் எடுத்துப் போட்டால் இதிலை எது நீயெண்டு சிநேகிதர் கேப்பாங்கள் எண்டு பயம். ஆனால் நாட்டுக்குள்ளை உன்ரை ஷையர் குதிரையின்ரை கதைக்கு மிச்சம் கிட்டவான உறவு அந்தக் கழுதைதான். அராபிய வியாபாரிமார் கப்பலிலை கொண்டுவந்தவை எண்டு மன்னார் ஆக்கள் சொல்லுவினம். தலைமுறை தலைமுறையாய் மூட்டை சுமந்ததுகள். லொறி வந்தது, லான்ட்மாஸ்டர் வந்தது, கழுதையின்ரை கயித்தை அவிட்டு விட்டிட்டினம். அதுகள் பட்டணத்து ரோட்டிலை நிண்டு குப்பையிலை பிளாஸ்ரிக் பையைச் சப்புதுகள். ராத்திரியிலை வாகனம் அடிச்சுக் கால் முறியுதுகள். தோட்டத்துக்குள்ளை வந்ததெண்டு சுடுதண்ணி ஊத்திற புண்ணியவாளரும் இருக்கினம். பிரிட்ஜிங் லங்கா எண்டொரு தொண்டு அமைப்பு அங்கை கழுதையளுக்கு ஒரு வைத்தியசாலையும் படிப்பு நிலையமும் தொடங்கினது. அடிபட்டதுகளுக்குக் கட்டுப் போட்டுப் பார்க்கிறதோடை, பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிவந்து கழுதையைத் தொட்டுப் பழகவிடுற இடம்.

இனி, நீ குதிரையைக் கொண்டுவந்தாலும் சரி, கழுதையைக் கொண்டுவந்தாலும் சரி, முதல் நாள் என்ன செய்வாய் எண்டு எனக்குத் தெரியும். நீ எங்கடை ஆள் எல்லே. சாப்பாடு போடுவாய்.

உன்ரை கொட்டாஞ்சேனைச் சின்னம்மா இருக்கிறாவே, அவவின்ரை வீட்டுப் படியேறினால் என்ன நடக்கும்? மெலிஞ்சு போனியே எண்டு முதல் ஒரு ஒப்பாரி. பேந்து இருவது இடியப்பம், ஒரு கிடாரம் சொதி, முட்டைப் பொரியல். போதும் எண்டு கையை வைச்சால் கைக்கு மேலாலை போடுவா. அதுதான் எங்களுக்குத் தெரிஞ்ச அன்பு. நீ அதைத் தாங்கினாய், ஏனெண்டால் நீ பட்டினி கிடந்து அங்கை போகேல்லை. பட்டினி கிடந்த குதிரைக்குச் சின்னம்மாவின்ரை அன்பைக் காட்டினால் சில நாளுக்குள்ளையே அது செத்துப்போகக்கூடும். பசியாலை சாகாது, உன்னாலை சாகும்.

விசர்க்கதை எண்டு நினையாதை. கன நாள் பட்டினி கிடந்த உடம்பு தன்ரை கொழுப்பைத் திண்டு, பேந்து தசையையும் திண்டு உயிரைப் பிடிச்சு வைச்சிருக்கும். அந்த நேரம் நீ கொள்ளும் தவிடும் சோளமுமாய் ஒரு வாளி வைச்சால் மாச்சத்து இரத்தத்திலை ஏறும். இன்சுலின் பொங்கும். இரத்தத்திலை கிடந்த கொஞ்ச நஞ்ச பொஸ்பரசு, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாத்தையும் அது கலங்களுக்குள்ளை இழுத்துக்கொண்டு போடும். பேந்து இருதயம் ஓடுறதுக்கு ஒண்டும் மிஞ்சாது. மனுசருக்கும் இதே கதைதான். 1945-இலை பெர்கன்-பெல்சன் சிறைமுகாமை விடுவிச்ச பட்டாளம் இரக்கப்பட்டுத் தன்ரை சாப்பாட்டைக் குடுத்தது. அதைத் தாங்காமல் போனவையும் உண்டு.

கலிபோர்னியாவிலை டேவிஸ் பல்கலைக்கழகத்திலை இதைக் குதிரையளிலை ஆராய்ஞ்சு கணக்குப் போட்டு வைச்சிருக்கினம். தமிழ்நாட்டிலை குதிரைமசால் எண்டு சொல்லுற இலைத்தீவனம்தான் நல்லதாம். புரதம் கூட, மாச்சத்துக் குறைவு. பெரிய குதிரைக்கு முதல் 3 நாளும் 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. அவ்வளவுதான். நாலாம் நாளிலையிருந்து மெல்ல மெல்லக் கூட்டி, பத்து நாளளவிலைதான் கேட்ட அளவுக்குப் போடலாம். பழைய உடம்பு வர 3 மாசத்திலையிருந்து 5 மாசம். 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எண்டால் ராத்திரி ரெண்டு மணியும் கணக்கிலை வரும் மருமோனே. நீ சுப்ரபாதத்துக்கே எழும்பாத ஆள். அதைவிடக் கஷ்டம் வேறை ஒண்டு இருக்குது: அந்த அரைக் கிலோவைத் திண்டு முடிச்சிட்டு அது வெறும் வாளியை மூக்காலை உருட்டி உருட்டி உன்னைப் பார்க்கும். நீ கையைக் கட்டிக்கொண்டு நிக்கவேணும். கொம்மாவைக் கிட்ட விடாதை, ஒளிச்சு ஒரு இறாத்தல் பாணைக் குடுத்துப்போட்டு "கொஞ்சந்தானே" எண்டுவா.

குதிரைக்குச் சத்தி எடுக்கத் தெரியாது, அதையும் மனசிலை வை. உள்ளை போனது போனதுதான்.

எவ்வளவு மெலிவு எண்டதைக் கண்ணாலை பார்க்காதை. மயிர் சடைச்சிருந்தால் கண் ஏமாத்தும். உள்ளங்கையை விலாவிலை வைச்சு அழுத்தித் தடவு. முதுகெலும்பு, வாலடி, தோள், கழுத்து எண்டு ஒவ்வொரு இடமாய்த் தடவு. 1983-இலை டெக்சாசிலை ஹெனெக் எண்டவர் இதுக்கு 1-இலையிருந்து 9 வரைக்கும் புள்ளி வைச்சவர். 1 எண்டால் எலும்புக்கூடு, 9 எண்டால் எங்கடை கலியாண மண்டபத்துச் சமையல்காரர். நீ பிடிக்கவேண்டியது 5. உன்ரை கொம்மாவுக்கு இது விளங்காது, அவவுக்கு 9 தான் ஏ சித்தி.

பேந்து பல்லைப் பார். குதிரைக்குக் கடைவாய்ப் பல் தேயத் தேய முரசுக்கு வெளியிலை வந்துகொண்டே இருக்கும். சரிசமனாய்த் தேயாட்டில் ஓரம் கத்தியாய்க் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அப்ப அது ஆசையோடை புல்லைக் கடிக்கும், சப்பும், பாதியிலை உருண்டையாய்த் துப்பிப்போடும். காலடியிலை ஈரமான புல்லுருண்டை கிடந்தால் ஆளைக் கூப்பிட்டு அரத்தாலை ராவவேணும். நீயில்லை, மிருக வைத்தியர். பூச்சி மருந்தையும் முதல் நாளே வாய்க்குள்ளை பிதுக்காதை. ஒடிஞ்ச உடம்பிலை செத்த பூச்சியெல்லாம் ஒரேயடியாய்க் குடலை அடைச்சால் அதுவே யமன். முதல் லத்தியைக் கொண்டுபோய் ஆய்வுகூடத்திலை குடு. குதிரை லத்தியைப் பொலித்தீன் பையிலை கட்டிக்கொண்டு காலி வீதி 100-ஆம் இலக்க பஸ்ஸிலை நிக்கிற மருமோனை நான் ஒருக்கால் பார்க்கவேணும். அதைப் படம் எடுத்துப் போடு, நானும் லைக் அடிக்கிறன்.

குளம்பு கவனியாமல் விட்டால் முன்னுக்கு நீண்டு மேலை சுருளும். அதை ஒரே நாளிலை வெட்டி வடிவாக்கப் போனால், வருஷக்கணக்காய்ப் பின்னுக்குச் சாய்ஞ்சு நடந்து பழகின தசைநாருக்குத் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாய், ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருக்கால். குளம்புக்கு நிக்கிற தரையும் முக்கியம். உனக்குக் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் சிநேகிதன்ரை தகப்பனின்ரை பழைய ஸ்டோர் வளவு கிடைச்சிருக்காம். சீமெந்துத் தரை, தகரக் கூரை, நாலு பக்கமும் மதில், மழைக்குக் கணுக்கால் தண்ணி. சிநேகிதனின்ரை தகப்பன் சாமான் வைக்கவே யோசிக்கிற இடம்.

கழுதை எண்டால் அந்த இடம் இன்னும் மோசம். காய்ஞ்ச தரையிலை பிறந்து வளர்ந்த சாதி அது. குளம்பு ஈரத்தை உறிஞ்சி அழுகும், மயிரும் மழையை வழிய விடாது. இன்னொண்டு கேள்: கழுதைக்கு வருத்தமெண்டால் காட்டாது. முக்காது, முனகாது, ஒரு மூலையிலை சும்மா நிக்கும். நீ சாதுவான சீவன் எண்டு தடவிக் குடுத்துக்கொண்டு நிப்பாய். அது சாப்பாட்டை விட்டிருக்கும். கழுதை தின்னாமல் விட்டால் உடம்புக் கொழுப்பு இரத்தத்திலை கலந்து ஈரலைக் கெடுத்து ஆளை முடிச்சுப்போடும். கொழுத்த கழுதைக்கு அது இன்னும் கெதியாய் வரும். சோடி பிரிஞ்சால் அந்தக் கவலையிலையே தின்னாமல் விடுற கழுதையள் உண்டு. ஆனபடியால் ஒண்டைக் கூட்டிவந்தால் அதின்ரை கூட்டாளியையும் கூட்டிவரவேணும். பொம்பிளை எடுக்கேக்கை மாமியும் சேர்ந்து வாறமாதிரி எண்டு நான் சொல்லமாட்டன், உன்ரை மாமி பக்கத்து அறையிலை நிக்கிறா.

பட்டினி போட்டவனைப் பொலிசிலை குடுப்பன் எண்டு துள்ளினியாம். குடு. மிருகவதைச் சட்டம் 1907-ஆம் ஆண்டு வந்தது. தண்டம் 100 ரூபா வரை, அல்லது 3 மாதம் வரை மறியல், அல்லது ரெண்டும். 1907-இலை 100 ரூபா எண்டால் சின்னக் காசில்லை. இண்டைக்கு வெள்ளவத்தையிலை ஒரு வடை திண்டு பிளேன்ரீ குடிச்சால் மிச்சம் வராது. 2006-இலை சட்ட ஆணைக்குழு புதுச் சட்டமூலம் ஒண்டு வரைஞ்சு குடுத்தது. அந்த வருஷம் பிறந்த பிள்ளை வாக்குப் போடுற வயசுக்கு வந்த நேரமும் அது சட்டமாகியிருக்கேல்லை.

அதோடை, பட்டினி போட்டவன் எல்லாம் அரக்கன் எண்டு முடிவு கட்டாதை. பாதிப்பேர் தானும் பட்டினி கிடக்கிறவங்கள். பம்பாயிலை விக்டோரியா எண்டு சோடிச்ச குதிரை வண்டில் ஓடினது. 2015-இலை உயர்நீதிமன்றம் அது சட்டவிரோதம் எண்டு நிப்பாட்டச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் குதிரைக்குத் தீனி வண்டிலோட்டிறவன்ரை மடியிலையிருந்துதான் வாறது. அவன்ரை பிழைப்புக்கும் வழி பார்க்கவேண்டி வந்தது. குதிரையை மட்டும் அவிட்டுக்கொண்டு வாறது களவெடுக்கிறதிலை சேர்த்தி, அவன் நாளைக்கு இன்னொண்டை வாங்குவான்.

கடைசியாய், நீ கேக்க விரும்பாத கதை. டொரதி புரூக் எண்ட இங்கிலீசுக்காரி, பட்டாள அதிகாரியின்ரை மனிசி, 1930-இலை எகிப்துக்குப் போனா. முதலாம் உலக யுத்தத்திலை பிரித்தானியப் பட்டாளத்துக்கு வேலை செய்த குதிரையளைச் சண்டை முடிய அங்கையே வித்துப்போட்டுப் போயிருந்தவை. கெய்ரோ தெருவிலை பத்துப் பன்னிரண்டு வருஷமாய்ப் பாரம் இழுத்து இழுத்துச் சாகக் கிடந்ததுகள். அவ 1931-இலை இலண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினா. காசு குவிஞ்சது. மூண்டு வருஷத்திலை 5,000 குதிரை வாங்கினா. 1934-இலை தொடங்கின அவவின்ரை ஆசுபத்திரிதான் இண்டைக்கு உலகம் முழுக்க வேலை செய்யிற புரூக் அமைப்பு. சரி, அந்த 5,000-மும் புல்லிலை ஓடினதோ? இல்லை. பெரும்பாலானதுகளுக்கு நோவில்லாமல் உயிரை எடுக்கிறதுதான் அவவாலை செய்யக்கூடிய உபகாரமாய் இருந்தது. வாங்கினது அதுக்குத்தான் எண்டு தெரிஞ்சு வாங்கினா. உன்ரை படத்திலை வந்த வெள்ளைக்காரப் பெட்டையைவிட இவவை எனக்குப் பிடிக்கும்.

நீ தாங்குவியோ? வைத்தியர் வந்து பார்த்து, இதை எழுப்ப ஏலாது, ஊசி போடுவம் எண்டால் "சரி ஐயா" எண்டு கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பியோ? இல்லாட்டில், பிழைச்சு எழும்பினால் பிடிக்கிற பிடி வேறை. நல்லாய்ப் பார்த்தால் குதிரை 25, 30 வருஷம் இருக்கும். கழுதை அதுக்கு மேலையும் போகும். நீ கனடாவுக்குப் போட்ட பைல் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ வந்திடும். நீ ரொரன்ரோவிலை பனி வழிச்சுக்கொண்டு நிக்கேக்கை இஞ்சை ஆர் பார்க்கிறது? கொம்மாவுக்கு முழங்கால் நோ. நான் இருக்கிறன் எண்டு கணக்குப் போட்டியெண்டால், என்னையே ஆர் பார்க்கிறது எண்டு பிள்ளையள் வாட்ஸப்பிலை ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறாங்கள். ரெண்டாம் முறையும் கைவிடப்படுகிறதுக்கு எண்டு ஒரு சீவனைத் தூக்கி எடுக்கிறது புண்ணியத்திலை சேராது.

ஆனபடியால் ஒரு காரியம் செய். கொட்டாஞ்சேனை வளவை அதின்ரை சொந்தக்காரருக்கே விடு. புறக்கோட்டையிலை ராத்திரி மன்னார் பஸ் ஏறு. கழுதைப் பராமரிப்பு ஆக்களைக் கண்டு, என்ன வேலை இருக்குது எண்டு கேள். விட்டை அள்ளச் சொன்னால் அள்ளு, தொட்டி கழுவச் சொன்னால் கழுவு, புண்ணிலை இலையான் கலைக்கச் சொன்னால் கலை. காசு அனுப்பக்கூடியதாய் இருந்தால் மாசம் மாசம் ஒழுங்காய் அனுப்பு. ஒரு நாள் ஒரு லட்சம் குடுத்துப்போட்டு மறக்கிறவனைவிட மாசம் ஐயாயிரம் மறக்காமல் குடுக்கிறவனாலைதான் தீனி வாங்கலாம். ஒரு வருஷம் அப்பிடிச் செய்துபோட்டும் குதிரை வேணுமெண்டால் வா, கொம்மாவோடை நான் கதைக்கிறன். பஸ்ஸுக்கு மாற்று உடுப்பு ரெண்டு சோடி எடு. போனை கொம்மாவிட்டைக் குடுத்துவிட்டுப் போ.